பிணக்கைத் தீர்ப்பதும் வணக்கமே: இஸ்லாத்தில் சமாதானம் செய்துவைக்கும் முறை

மதீனாவை ஒட்டிய குபாவில் வாழ்ந்த பனூ அம்ர் பின் அவ்ஃப் குலத்தாரிடையே ஒரு முறை சண்டை மூண்டது. ஒருவர் மீது ஒருவர் கல்லெறியும் அளவுக்கு அது முற்றிய செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியது. “வாருங்கள், அவர்களிடையே சமாதானம் செய்துவைப்போம்” என்று தோழர்களுடன் புறப்பட்டுப் போனார்கள். அந்தக் குலத்தாரிடையே இணக்கம் ஏற்படுத்தப் போயிருந்தபோது தொழுகை நேரம் வந்துவிட்டது. நபியவர்கள் திரும்பவில்லை. பிலால் (ரலி) அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சென்று தொழ வைக்கச் சொன்னார். அபூபக்ர் முன்னே நின்று தொழுகையைத் தொடங்கிய பிறகுதான் நபியவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

தமது பள்ளிவாசலில் ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) தொடங்கும் நேரத்தில் இல்லாமல் போகும் அளவுக்கு அந்த வேலை அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. வேறொருவரை அனுப்பிவிட்டு இருக்கவில்லை, தாமே போனார்கள். தொழுகையின் சிறப்பை இவ்வளவு எடுத்துச் சொன்னவர் இப்படிச் செய்தது ஏன் என்பதற்கு அபுத்தர்தா (ரலி) அறிவிக்கும் நபிமொழி விடை தருகிறது: “நோன்பு, தொழுகை, தர்மம் ஆகியவற்றைவிட உயர்ந்த படித்தரமுள்ள ஒன்றை உங்களுக்குச் சொல்லட்டுமா? மனிதர்களிடையே இணக்கம் ஏற்படுத்துவது. உறவுகள் கெட்டுப்போவதோ மழித்துவிடுவது.” முடியை மழிப்பதல்ல, மார்க்கத்தையே மழித்துவிடுவது என்ற விளக்கமும் அறிவிப்புகளில் வருகிறது. இங்கே சொல்லப்படும் தொழுகையும் நோன்பும் உபரியானவை என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும் இரவெல்லாம் நின்று வணங்குபவரைவிடப் பிரிந்த இருவரைச் சேர்த்துவைப்பவர் ஒரு படி மேலே நிற்கிறார்.

அமைதியைக் குறிக்கும் அரபுச் சொற்கள் இரண்டை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். ‘ஸலாம்’, ‘இஸ்லாம்’ இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ‘அஸ்ஸலாம்’ இறைவனின் பெயர்களில் ஒன்று (குர்ஆன் 59:23, அதாவது 59ஆம் அத்தியாயம், 23ஆம் வசனம்). சொர்க்கத்துக்கு ‘தாருஸ் ஸலாம்’ என்று பெயர் (10:25). தொழுகை முடிவதும் ஸலாமில்தான். இவையெல்லாம் நாம் சென்றடைய வேண்டிய நிலையைச் சொல்கின்றன. ‘ஸுல்ஹ்’, ‘இஸ்லாஹ்’ என்பவை வேறு வேரில் பிறந்தவை. கெட்டுப்போனதைச் சீராக்குவது என்பது அவற்றின் பொருள். ‘ஃபஸாத்’, அதாவது சீர்கேடு, அவற்றுக்கு எதிர்ச்சொல். ஆக, சமாதானம் என்று இஸ்லாம் சொல்லும்போது மனத்தில் தோன்றும் ஓர் அமைதி உணர்வை மட்டும் சொல்லவில்லை. உடைந்ததைப் பழுதுபார்க்கும் வேலையையும் சேர்த்தே சொல்கிறது. எந்த வேலைக்கும் போல இதற்கும் முறை உண்டு, வரம்பு உண்டு, தவறிப்போகும் இடங்களும் உண்டு.

அந்த முறையின் வரைபடத்தைக் குர்ஆனின் 49ஆம் அத்தியாயமான அல்-ஹுஜுராத்தில் காணலாம். “இறைநம்பிக்கையாளர்கள் சகோதரர்களே, எனவே உங்கள் இரு சகோதரர்களிடையே இணக்கம் ஏற்படுத்துங்கள்” என்ற பத்தாவது வசனம் மேடைகளில் அடிக்கடி ஓதப்படுகிறது. அதை மட்டும் தனியே எடுத்து ஓதினால் பாதிதான் கிடைக்கும். ஆறாவது வசனம், தீயவன் ஒரு செய்தி கொண்டுவந்தால் அறியாமையால் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிடாமல் தீர விசாரியுங்கள் என்கிறது. ஒன்பதாவது வசனம் பூசலில் இறங்கிய இரு குழுக்களைப் பற்றிப் பேசுகிறது. பதினொன்றும் பன்னிரண்டும் கேலி, பட்டப்பெயர், தவறான சந்தேகம், துருவி ஆராய்தல், புறம்பேசுதல் ஆகியவற்றைத் தடுக்கின்றன. வரிசையைப் பாருங்கள். முதலில் செய்தியைச் சரிபார்ப்பது, பிறகு சமரசம், அதன்பின் அந்தச் சமரசத்தை அரித்துவிடக்கூடிய பேச்சுகளுக்குத் தடை. பல சமரசங்கள் கையெழுத்தான மறுவாரமே முறிவது இந்த மூன்றாம் பகுதியை யாரும் கவனிக்காததால்தான்.

ஒன்பதாவது வசனத்துக்குள்ளேயும் ஒரு படிமுறை இருக்கிறது. முதலில், இரு குழுக்களையும் இணக்கப்படுத்துங்கள். அதன் பிறகும் ஒரு குழு மற்றதன் மீது வரம்பு மீறினால், அது இறைக்கட்டளைக்குத் திரும்பும்வரை அதை எதிர்த்து நில்லுங்கள். திரும்பிவிட்டால் மீண்டும் இணக்கப்படுத்துங்கள், “நீதியுடன்”. முதல் முறை சொல்லாத ‘நீதியுடன்’ என்ற சொல் இரண்டாம் முறை மட்டும் சேர்கிறது. காரணம் இருக்கிறது. ஒரு தரப்பை அடக்கி நிறுத்திய பிறகு, அடக்கியவர்களின் கோபம் தணிந்திருக்காது. தோற்றவனிடம் கூடுதலாகப் பிடுங்கிக்கொள்ளும் ஆசை எழும். நடுவர்களே ஒரு தரப்பாக மாறிவிடும் ஆபத்து அங்கேதான் அதிகம். அதனால்தான் நீதியை அந்த இடத்தில் பெயர் சொல்லி நிறுத்துகிறது வசனம்.

இனி நடைமுறை. நடுவராக நிற்பவருக்கான முதல் பாடம், அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது நபியவர்கள் சொன்னது: எதிரெதிரே இருவர் வந்து அமர்ந்தால், முதலாமவரிடம் கேட்டதுபோல் மற்றவரிடமும் கேட்கும்வரை தீர்ப்புச் சொல்லாதே. இரண்டாவது, கோபத்தில் இருக்கும்போது இருவருக்கிடையே தீர்ப்பளிக்கக் கூடாது என்ற நபிமொழி. மூன்றாவது, இடம். இரகசியப் பேச்சுகளில் பெரும்பாலானவற்றில் நன்மை இல்லை என்று சொல்லும் 4:114, மூன்றுக்கு மட்டும் விலக்கு தருகிறது: தர்மம், நற்செயல், மனிதர்களிடையே இணக்கம். கூட்டத்தைக் கூட்டிவைத்துப் பேசினால் இருவருமே தங்கள் ஆட்கள் முன்னால் இறங்கிவர மாட்டார்கள். தனியே பேசும்போது இறங்கி வருவது தோல்வியாகத் தெரியாது.

ஒரு சமரசம் எவ்வளவு சுருக்கமாக நடக்கலாம் என்பதற்கு கஅப் பின் மாலிக் (ரலி) நிகழ்ச்சி எடுத்துக்காட்டு. இப்னு அபீ ஹத்ரத் என்பவரிடமிருந்து தமக்கு வரவேண்டிய கடனை அவர் பள்ளிவாசலில் வைத்துக் கேட்க, இருவர் குரலும் உயர்ந்தது. தம் அறையில் இருந்த நபியவர்களுக்கு அது கேட்டது. திரையை விலக்கி, “கஅபே!” என்று அழைத்து, பாதியைத் தள்ளுபடி செய்யும்படி கையால் சைகை காட்டினார்கள். “செய்துவிட்டேன், இறைத்தூதரே” என்றார் கஅப். உடனே மற்றவரைப் பார்த்து, “எழுந்து போய் மீதியைக் கொடு” என்றார்கள். அவ்வளவுதான். ஆனால் இதற்குள் ஒரு நல்ல சமரசத்தின் எல்லா உறுப்புகளும் இருக்கின்றன. கடன் உண்மையா என்பதில் தகராறு இல்லை. விட்டுக்கொடுப்பது உரிமையுள்ளவரின் சம்மதத்தோடு நடந்தது. விட்டுக்கொடுத்த அளவு தெளிவானது: பாதி. கடைசி உறுப்பைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்: ஒருவர் விட்டுக்கொடுத்த அந்த நொடியிலேயே மற்றவர் மீது கடமை ஏற்றப்பட்டது. ஒரு தரப்பிடம் தள்ளுபடியை வாங்கிவிட்டு, மறுதரப்புக்குத் தவணை குறிக்காமல் கலைந்துபோகும் பேச்சுவார்த்தை சமாதானமல்ல, பறிப்பு.

சமரசத்தை மறுத்தால் என்ன ஆகும்? ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரிகள் எனப்பட்ட மதீனாவாசிகளில் ஒருவருக்கும் ஹர்ரா என்ற கல்நிலத்தின் வாய்க்கால் நீர் குறித்து வழக்கு. ஸுபைருடைய நிலம் தலைமடையில் இருந்தது. நீரைத் தேக்காமல் அப்படியே ஓடவிட வேண்டும் என்றார் அன்ஸாரி. “ஸுபைரே, பாய்ச்சிக்கொண்டு பக்கத்து நிலத்துக்கு விட்டுவிடுங்கள்” என்று நபியவர்கள் இருவருக்கும் இதமான ஒரு வழி சொன்னார்கள். அன்ஸாரிக்குக் கோபம் வந்தது: “அவர் உங்கள் அத்தை மகன் என்பதாலா?” நபியவர்களின் முகம் மாறியது. “ஸுபைரே, பாய்ச்சுங்கள், நீர் வரப்பைத் தொடும்வரை தடுத்து வையுங்கள்” என்று தீர்ப்பளித்தார்கள். கணுக்கால் அளவு நீர் என்று பிற்காலத்தார் அதை அளந்து சொன்னார்கள். முதலில் சொன்னது சமரசம்: தலைமடைக்காரர் தம் முழு உரிமையில் கொஞ்சம் விடுவது. அது மறுக்கப்பட்டதும் உரிமை முழுமையாக உரியவரிடம் திரும்பியது. சமரசம் என்பது சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதில்லை. சட்டம் எப்போதும் பின்னால் நிற்கிறது என்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்தால்தான் சமரசம் நேர்மையாக நடக்கும்.

மார்க்கச் சட்ட அறிஞர்கள் ஸுல்ஹை ஓர் ஒப்பந்தமாகவே கருதினார்கள். முன்மொழிவு, ஏற்பு, எதைப் பற்றிய தகராறு, எதைக் கொடுத்துத் தீர்க்கிறார்கள் என்பவை அதன் உறுப்புகள். எதிர்த்தரப்பின் நிலையை வைத்து அதை மூன்றாகப் பிரிப்பார்கள்: கோரிக்கையை ஒப்புக்கொண்டு செய்வது, மறுத்துக்கொண்டே செய்வது, ஒன்றும் சொல்லாமல் இருந்து செய்வது. ஒப்புக்கொண்டு செய்வதில் கருத்து வேறுபாடு இல்லை. மறுத்துக்கொண்டே செய்வதை ஹனஃபி, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகள் (சட்டப் பள்ளிகள்) ஏற்கின்றன. மறுப்பவர் சத்தியம் செய்வதிலிருந்தும் வழக்கின் அலைச்சலிலிருந்தும் தம்மை விடுவித்துக்கொள்ளப் பணம் கொடுக்கிறார் என்பது அவர்கள் வாதம். ஷாஃபிஈ மத்ஹபு ஏற்பதில்லை. உரிமையே நிறுவப்படாதபோது எதற்குப் பகரமாக அந்தப் பணம் என்று அது கேட்கிறது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பொய் என்று தெரிந்தே உரிமை கோரி, சமரசத்தின் பெயரால் பணம் பெற்றவருக்கு அது ஆகுமானதல்ல என்பதில் இரு சாராரும் ஒன்றுதான். வாதத் திறமையால் ஒருவர் பிறருடைய உரிமையை என்னிடமிருந்து தீர்ப்பாகப் பெற்றால், நான் அவருக்கு நெருப்புத் துண்டைத்தான் வெட்டிக் கொடுக்கிறேன் என்று நபியவர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

வரம்பைச் சொல்லும் நபிமொழி இது: “முஸ்லிம்களிடையே சமரசம் ஆகுமானது, ஆகுமானதைத் தடுக்கும் சமரசத்தையும் தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும் சமரசத்தையும் தவிர.” உமர் (ரலி) அபூமூஸா அல்-அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதியதாக அறியப்படும் கடிதத்திலும் இதே விதி இடம்பெறுகிறது. நடைமுறையில் இதன் பொருள் என்ன? நூறு கடன் இருக்கிறது. ஓராண்டு தவணை தருகிறேன், நூற்றுப்பத்தாகக் கொடு என்று பேசித் தீர்த்தால் அது சமரசமல்ல, வட்டி. முன்கூட்டியே கொடுத்தால் எண்பது போதும் என்று நிபந்தனை போடுவதையும் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பதில்லை. நிபந்தனையின்றித் தாமாக விட்டுக்கொடுப்பதை எல்லோரும் ஏற்கிறார்கள். ஒரு குழந்தையின் தந்தை யார் என்பதைப் பேரம் பேசித் தீர்க்க முடியாது. அனாதையின் சொத்தைக் காப்பாளர் தம் நல்ல பெயருக்காக விட்டுக்கொடுக்க முடியாது. கொலைக்குப் பழிவாங்கும் உரிமையை இழப்பீட்டுக்காகவோ இலவசமாகவோ விட்டுக்கொடுக்கலாம் (2:178), ஏனென்றால் அது கொல்லப்பட்டவரின் உறவினர்களுக்குரிய உரிமை.

தவறான சமரசம் நடந்தேறிவிட்டாலும் அது நிற்காது. ஒருவருடைய மகன் கூலிக்கு வேலை செய்த இடத்தில் முதலாளியின் மனைவியோடு தவறிவிட்டான். தந்தை நூறு ஆடுகளையும் ஓர் அடிமைப் பெண்ணையும் ஈடாகக் கொடுத்து விவகாரத்தை முடித்திருந்தார். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஏற்பாடுதான். வழக்கு நபியவர்களிடம் வந்தபோது, “ஆடுகளும் அடிமைப் பெண்ணும் உம்மிடமே திருப்பித் தரப்பட வேண்டும்” என்றார்கள். பேசி முடித்தாயிற்று என்பது மட்டும் ஓர் ஏற்பாட்டை நியாயமாக்கிவிடாது.

எழுதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தவணைக் கடனை எழுதிக்கொள்ளவும் இரண்டு சாட்சிகளை வைக்கவும் சொல்லும் 2:282, சிறியதோ பெரியதோ எழுதச் சலித்துக்கொள்ளாதீர்கள் என்கிறது. சமரசத்துக்கும் இது பொருந்தும். எவ்வளவு, எந்தத் தேதி, எது தள்ளுபடி, எது தள்ளுபடி இல்லை, தவறினால் என்ன, சாட்சி யார் என்ற ஆறும் தாளில் இல்லையென்றால், அன்று கட்டித் தழுவியவர்களே பிறகு வேறு வேறு நினைவுகளோடு வந்து நிற்பார்கள்.

நடுவரின் நாக்குக்கு ஒரு சலுகை உண்டு. “மக்களிடையே இணக்கம் ஏற்படுத்த நல்லதை எடுத்துச் சொல்பவர் பொய்யர் அல்ல” என்ற நபிமொழியை அறிவித்தவர் உம்மு குல்ஸூம் பின்த் உக்பா (ரலி). இது வெளிப்படையான பொய்க்கே அனுமதியா, அல்லது இரு பொருள் தரும் சொற்களுக்கு மட்டுமா என்று அறிஞர்கள் விவாதித்திருக்கிறார்கள். என் பார்வையில் நடைமுறைக் கோடு இதுதான்: அவர் உங்களைத் திட்டியதைச் சொல்லாமல் விடலாம், எப்போதோ பாராட்டியதை நினைவூட்டலாம். தொகையிலோ ஆவணத்திலோ சாட்சியிலோ ஓர் எழுத்துகூட மாற்றிச் சொல்லக் கூடாது. அங்கே சொல்லும் பொய் ஒருவரின் உரிமையை மற்றவருக்குக் கொடுத்துவிடும்.

குடும்பப் பிணக்குக்குத் தனி ஏற்பாடு உண்டு. கணவன் மனைவியிடையே பிளவு வரும் என்று அஞ்சினால் அவன் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரையும் அவள் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரையும் அனுப்புங்கள் என்கிறது 4:35. ஒருவர் அல்ல, இருவர், இரு பக்கத்திலிருந்தும். அவர்கள் பிரித்துவைக்கவும் அதிகாரம் பெற்ற நீதிபதிகளா, அனுப்பியவர்களின் பிரதிநிதிகள் மட்டுமா என்பதில் இமாம் மாலிக் முதல் கருத்தையும் இமாம் அபூஹனீஃபா இரண்டாவதையும் கொண்டிருந்தார்கள். எனவே தொடங்கும் முன்பே அதிகாரம் எவ்வளவு என்று இரு தரப்பிடமும் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 4:128 “சமாதானமே மேலானது” என்று சொன்ன கையோடு, உள்ளங்கள் கஞ்சத்தனத்துக்கு உட்பட்டிருக்கின்றன என்கிறது. பேச்சு எங்கே முட்டி நிற்கும் என்பதை அதே மூச்சில் சொல்லிவிடுகிறது.

சேர்த்துவைப்பது நல்லது என்பதற்காக யாரையும் தள்ளிக்கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. விடுதலை பெற்ற பரீரா (ரலி), அடிமையாகவே இருந்த தம் கணவர் முகீஸை விட்டுப் பிரிந்தார். முகீஸ் தாடி நனைய அழுதுகொண்டு மதீனாவின் தெருக்களில் அவர் பின்னால் சுற்றினார். “அவரிடம் திரும்பிப் போகலாமே” என்றார்கள் நபியவர்கள். “எனக்குக் கட்டளை இடுகிறீர்களா?” “இல்லை, பரிந்துரைக்கத்தான் செய்கிறேன்.” “அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை.” அத்தோடு பேச்சு முடிந்தது. இறைத்தூதர் பரிந்து பேசியும் ஒரு பெண் மறுக்க முடிந்தது. அதற்காக அவர் மீது ஒரு பழிச்சொல்லும் விழவில்லை. அடி வாங்கிய பெண்ணைப் ‘பொறுத்துப் போ’ என்று திருப்பி அனுப்பும் நடுவர்கள் மார்க்கத்தின் பெயரைச் சொல்லும் முன் இந்த நிகழ்ச்சியை ஒருமுறை படித்துவிட வேண்டும்.

சமாதானத்துக்குப் பணமும் செலவாகும். இரு கூட்டங்களின் சண்டையைத் தீர்க்க, இழப்பீட்டைத் தம் தலையில் ஏற்றுக்கொள்வது அரபுகளிடம் இருந்த வழக்கம். அப்படி ஏற்றுக்கொண்டு வந்த கபீஸா (ரலி) அவர்களிடம், “ஸதகா (தர்மப் பொருள்) வரும்வரை இரும், அதிலிருந்து உமக்குக் கொடுக்கச் சொல்கிறோம்” என்றார்கள் நபியவர்கள். பிறரிடம் கேட்பது மூவருக்கு மட்டுமே ஆகும் என்றும் சொன்னார்கள். அவர்களில் முதலாமவர் இப்படிப் பொறுப்பேற்றவர். அதுவும் அந்தத் தொகை கிடைக்கும்வரைதான். 9:60 வகுத்த எட்டு ஜகாத் (கட்டாய தர்மம்) பங்குகளில் ‘கடன்பட்டவர்கள்’ என்பதில் இவரும் அடக்கம். சமாதானத்துக்காகக் கடன்பட்டவர் வசதியுள்ளவராக இருந்தாலும் கொடுக்கலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. சொந்தக் காசை இழக்க வேண்டும் என்றால் வசதியுள்ளவர்கள் நடுவராக வர மாட்டார்கள் என்ற அனுபவ அறிவு அதில் இருக்கிறது.

ஹுதைபியா

சமூகங்களுக்கிடையேயான சமாதானத்துக்கு வரும்போது, மக்காவுக்கு அருகிலுள்ள ஹுதைபியாவில் நடந்த உடன்படிக்கையைத் தவிர்க்க முடியாது. ஹிஜ்ரி (இஸ்லாமிய ஆண்டு) 6, துல்கஅதா மாதம் (கி.பி. 628). சுமார் 1,400 பேர் உம்ரா எனும் புனிதப் பயணத்துக்காக நபியவர்களுடன் வந்து மக்காவின் வாசலில் தடுக்கப்பட்டார்கள். மக்காவை ஆண்ட குறைஷிக் குலத்தார் சார்பில் பேச வந்தவர் ஸுஹைல் பின் அம்ர். உடன்படிக்கையை அலீ (ரலி) எழுதினார். ‘அர்ரஹ்மான்’ (அளவற்ற அருளாளன்) என்ற சொல்லை ஸுஹைல் ஏற்கவில்லை; ‘உன் பெயரால், இறைவா’ என்று எழுதப்பட்டது. ‘இறைத்தூதர்’ என்பதையும் ஏற்கவில்லை; ‘அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மத்’ ஆனது. பத்தாண்டுப் போர்நிறுத்தம். இந்த ஆண்டு திரும்ப வேண்டும். அடுத்த ஆண்டு உறையிலிட்ட வாள்களோடு வந்து மூன்று நாள் தங்கலாம். மக்காவிலிருந்து காப்பாளர் அனுமதியின்றி வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். மதீனாவிலிருந்து போனவரைக் குறைஷிகள் அனுப்ப மாட்டார்கள். விரும்பிய குலம் விரும்பிய தரப்போடு சேரலாம்.

மை காய்வதற்குள் ஸுஹைலின் மகன் அபூஜந்தல் (ரலி) கைகால் விலங்குகளோடு தப்பி வந்து நின்றார். அவரையும் திருப்பி அனுப்ப நேர்ந்தது. உமர் (ரலி) கொதித்தார். பலிகொடுத்து முடி களையுங்கள் என்று சொன்னபோது, நபியவர்களிடம் எதையும் மறுத்தறியாத தோழர்கள் எழவில்லை. “யாரிடமும் பேசாமல் நீங்களே போய்ப் பலியிட்டு முடி களையுங்கள்” என்று யோசனை சொன்னவர் நபியவர்களின் மனைவி உம்மு ஸலமா (ரலி). அப்படிச் செய்ததும் எல்லோரும் எழுந்தார்கள்.

இந்த உடன்படிக்கையில் சொற்களில் விட்டுக்கொடுத்ததெல்லாம் எளிதில் தெரிகிறது. கிடைத்ததைக் கணக்கிடக் காலம் பிடித்தது. குறைஷிகள் முதல் முறையாக மதீனாவை ஒரு சமமான தரப்பாக ஏற்றுக் கையொப்பமிட்டார்கள். போர் நின்றதால் இரு ஊர் மக்களும் ஒருவரோடு ஒருவர் பேசினார்கள். ஹுதைபியாவில் 1,400 பேர். இரண்டே ஆண்டுகளில் மக்கா வெற்றியின்போது 10,000 பேர். அந்த உடன்படிக்கையைத்தான் குர்ஆன் “தெளிவான வெற்றி” என்றது (48:1). கடுமையான அந்த ஒருதலை நிபந்தனையும் நீடிக்கவில்லை. திருப்பி அனுப்பப்பட்ட அபூபஸீர் (ரலி) கடற்கரை வணிகப் பாதையில் தங்கிவிட, அவரோடு மற்றவர்களும் சேர, வணிகக் கூட்டங்கள் பாதிக்கப்பட்டதும் குறைஷிகளே அந்த விதியைக் கைவிடக் கேட்டுக்கொண்டார்கள். பெண்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று 60:10 சொன்னது. அப்படித் திருப்பி அனுப்பப்படாமல் காக்கப்பட்டவர்களில் ஒருவர்தான் மேலே சொன்ன நபிமொழியை அறிவித்த உம்மு குல்ஸூம்.

எழுதியதை நிறைவேற்றுவதில் காட்டிய கண்டிப்பு வியக்க வைப்பது. ஹிஜ்ரி 7இல் உம்ராவுக்கு வந்து, மூன்று நாள் முடிந்ததும் மக்காவை விட்டு வெளியேறினார்கள். அதற்கு முன்பே, குறைஷிகளுக்கு எதிரான பத்ருப் போருக்கு ஆள் பற்றாக்குறையாக இருந்த நேரத்தில் ஹுதைஃபாவும் (ரலி) அவர் தந்தையும் குறைஷிகளிடம் பிடிபட்டு, போரில் சேர மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துத் தப்பி வந்தார்கள். “அவர்களுக்குத் தந்த வாக்கை நிறைவேற்றுவோம், இறைவனிடம் உதவி கேட்போம்” என்று நபியவர்கள் அவர்களைப் போரிலிருந்து விலக்கிவிட்டார்கள். பின்னாளில் முஆவியா (ரலி) ரோமர்களுடன் செய்த உடன்படிக்கையின் தவணை முடியும் தறுவாயில், முடிந்த உடனே தாக்கலாம் என்று எல்லையை நோக்கிப் படையை நகர்த்தினார். அம்ர் பின் அபஸா (ரலி) குதிரையில் விரைந்து வந்து, “வாக்கை நிறைவேற்றுங்கள், துரோகம் வேண்டாம்” என்று நபிமொழியை நினைவூட்டினார். முஆவியா படையைத் திருப்பிக்கொண்டு போனார். உடன்படிக்கையின் எழுத்து மீறப்படவில்லைதான். ஆனாலும் எதிரி நம்பி அமர்ந்திருக்கும் நாளில் அவன் வாசலுக்கு நகர்வதே துரோகம் என்று கொள்ளப்பட்டது.

ஹுதைபியா முறிந்தது போர்நிறுத்தம் பற்றிய பிரிவில். குறைஷிகளின் கூட்டாளியான பனூ பக்ர், முஸ்லிம்களின் கூட்டாளியான குஸாஆவைத் தாக்க, குறைஷிகளில் சிலர் அதற்குத் துணைபோனார்கள். கூட்டாளியின் செயலுக்கும் பொறுப்பு உண்டு என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது.

முஸ்லிம்களே இரு படைகளாக எதிரெதிரே நின்ற காலமும் வந்தது. சிறுவராக இருந்த தம் பேரன் ஹஸன் (ரலி) அவர்களை மிம்பரில் (சொற்பொழிவு மேடையில்) பக்கத்தில் வைத்துக்கொண்டு, “என்னுடைய இந்த மகன் தலைவர்; முஸ்லிம்களின் இரு பெரும் கூட்டங்களிடையே இவர் மூலம் அல்லாஹ் இணக்கம் ஏற்படுத்தக்கூடும்” என்று நபியவர்கள் சொல்லியிருந்தார்கள். தந்தை அலீ (ரலி) கொல்லப்பட்ட பின் மலைபோல் படைகள் ஹஸனுடன் இருந்தன. முஆவியா அனுப்பிய தூதர்கள் இருவருடன் பேசி, நிபந்தனைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் “நாங்கள் பொறுப்பு” என்ற பதிலை வாங்கிக்கொண்டு, ஹிஜ்ரி 41இல் ஹஸன் ஆட்சியை முஆவியாவுக்கு விட்டுக்கொடுத்தார். அந்த ஆண்டுக்கு மக்கள் ‘ஆமுல் ஜமாஆ’, ஒன்றுகூடிய ஆண்டு, என்று பெயர் வைத்தார்கள்.